முப்பத்துநான்கு டிகிரியில் நிறுத்தியவன்

இன்று காலை திருப்பூரில் ஒரு சலூனில் பாதி முடி வெட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இடது பக்கம் ஒட்ட வெட்டியிருக்கிறது, வலது பக்கம் காதை மூடிக்கொண்டு தொங்குகிறது. ஒரு கல்யாணத்துக்காகக் கோவையிலிருந்து போனவன், இந்தத் தலையோடு பந்தியில் உட்கார முடியாது என்று பஸ் ஏறித் திரும்பிவிட்டேன். கண்டக்டர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

வெட்டியவரின் கையில் குறையில்லை. மடியில் விழுந்த முடியை ஒரு பழைய செய்தித்தாளில் கூட்டி, நாலு ஓரத்தையும் மடித்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்ததுமே எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ஆனால் அதற்காக மட்டும் நான் எழுந்து வரவில்லை. மடித்துக்கொண்டே அவர் ஒன்று சொன்னார். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே எழுதிவிட்டால் மீதியை எழுத எனக்குத் தெம்பிருக்காது.

நீயும் அப்படியொரு பொட்டலத்தோடுதான் வந்தாய். கோவையில் நான் வேலை பார்த்த, கனிமக் கற்களைச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தின் வாசலில், மஞ்சள் கறை படிந்த வேட்டியோடு நின்றாய். உள்ளே வரச் சொன்னால், "செருப்பைக் கழட்டோணுமா?" என்று கேட்டாய். கோயில் மாதிரி வைத்திருக்கிறேனாம். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவர்கள் நாம். அதன்பின் நான் காலேஜுக்குப் போனேன், நீ உங்கள் வீட்டுத் தறியை விட்டுவிட்டுப் பெருமாநல்லூர் போகிற ரோட்டில் சாயப்பட்டறை போட்டாய். என்னை வாய் நிறைய 'வாத்தியாரே' என்பாய். நான் ஒருநாளும் வாத்தியார் இல்லை. ஓர் எக்ஸ்ரே கருவியைத் துடைத்து, ஓட்டி, அது சொல்வதைக் குறித்துக்கொடுக்கிறவன், அவ்வளவுதான்.

"ஏண்டா வாத்தியாரே, கல்லுக்குள்ள இருக்கறதையெல்லாம் உன்ற மெஷினு சொல்லும்னு பீத்திக்கிட்டயே. என்ற ஒடம்புக்குள்ள என்ன இருக்குதுன்னு சொல்லட்டும் பாக்கலாம்" என்று பொட்டலத்தை மேசையில் வைத்தாய். உன் முடி. நீயே நாவிதரிடம் கேட்டு வாங்கி வந்தது. வைத்த கை மணிக்கட்டில் மடங்கி, நிமிராமல் தொங்கியது. நூலைப் பிழிந்து பிழிந்து கை ஓய்ந்துவிட்டதென்றாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை, மூன்று டாக்டர்களுக்கும் என்னவென்று தெரியவில்லை என்றாய். பேசும்போது உன் ஈறு ஓரத்தில் நீலமாக ஒரு கோடு தெரிந்தது. வெற்றிலைக் கறை என்று நினைத்தேன். பார்க்கிற வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு அந்தக் கண் எதற்கு?

உன் மஞ்சளைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. தை பிறந்தால் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு மஞ்சள் வேட்டி வேண்டும், துண்டு வேண்டும். மற்றவர்கள் தோய்த்தது நாலு நாள் வெயிலில் வெளுத்துவிடும். உன்னுடையது பழனி போய்த் திரும்பி, அடுத்த வருஷமும் போகும். முதல் தொட்டியில் வெள்ளை உப்பைக் கரைத்து நூலை ஊறப்போடுவாய். அப்போது நிறமே தெரியாது. பிழிந்து எடுத்து, ஆரஞ்சு உப்பு கரைத்த இரண்டாம் தொட்டியில் முக்கும்போது பளிச்சென்று மஞ்சள் ஏறும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. முதல் தொட்டி சரியாக இருக்கிறதா என்பதற்கு உன்னிடம் ஒரே சோதனைதான், நாக்கு. நூலின் நுனியை நாக்கில் வைப்பாய். உங்கள் ஊரில் சலவைப்பட்டறைக்காரர்களும் துணியில் ஆசிட் போய்விட்டதா என்று நாக்கில் வைத்துத்தானே பார்க்கிறார்கள்? யாரும் அதை விநோதமாக நினைக்கவில்லை.

"இனிப்பு நாக்கு நுனியில நின்னா தொட்டி சரி. நிக்காம ஓடிப்போச்சுன்னா இன்னொரு பிடி போடோணும்" என்று சொல்லித்தந்தாய். நானும் ஒருநாள் வைத்துப் பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது. லிட்மஸ் தாள் வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "காயிதமும் மீட்டரும் உங்களுக்கு. எங்களுக்கு நாக்கு போதும்" என்றாய். அந்த வெள்ளை உப்பு என்ன உப்பு என்று நான் கேட்கவே இல்லை. கடைக்காரர் மண்ணெண்ணெய் டின்னில் கொட்டிக் கொடுப்பார், மேலே பெயரொன்றும் இருக்காது. இனிக்கிற உப்பு எது என்று வேதியியல் படித்த எவரைக் கேட்டிருந்தாலும் அந்த நிமிடமே சொல்லியிருப்பார்.

உன் மனைவி மயிலாத்தாளுக்கு மட்டும் அந்தத் தொட்டி ஆகவே ஆகாது. பட்டறைத் தண்ணீர் ஓடிய வாய்க்காலில் குடித்த கன்றுக்குட்டி செத்ததிலிருந்து தினமும் உன்னோடு மல்லுக்கு நின்றாள். நான் வந்த ஒருநாள் என்னிடமும் முறையிட்டாள். "அண்ணா, நீங்களாச்சும் சொல்லுங்க. இந்த மஞ்சத் தண்ணி ஆகாதுங்க. மூடிப்போட்டுத் தறிக்கே போயிரலாமுங்க. கஞ்சி குடிச்சாலும் நிம்மதியாக் குடிக்கலாம்." நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நான் சிரித்தேன். கன்றுக்கு வேறு ஏதாவது நோய் இருந்திருக்கும் என்று அவளிடம் சொன்னேன், பெரிய மாட்டு டாக்டர் மாதிரி.

உனக்கு வயிற்று வலி வந்தபோது, இடுமருந்து என்று முதலில் சொன்னது உன் அண்ணன். சோற்றில் யாரோ மருந்து வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் திடகாத்திரமான ஆள் இப்படி உருகுவானா என்றார். யார் சோறு போடுகிறார்கள் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தொட்டியை மூடச் சொல்லித் தினமும் சண்டை போடுகிறவள் வீட்டில் ஒருத்திதான் இருந்தாள். நீ அதை நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான், அண்ணனின் வாயை அடைப்பதற்குத்தான், முடியை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு, அவிய மூஞ்சியில வீசிப்போடறேன்" என்றாய்.

என் கருவி செய்வது எளிமையான வேலை. ஒரு பொருளின் மேல் எக்ஸ்ரே கதிரை விட்டால், அதற்குள் இருக்கிற ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒரு கதிரைத் திருப்பி அனுப்பும். கனமான தனிமங்கள் நன்றாகவே பதில் சொல்லும். அந்தக் கதிர்களை ஒரு படிகம் கோணம் கோணமாகப் பிரிக்கும். கோணம் மேலிருந்து கீழாக இறங்க இறங்க, ஓடுகிற தாளில் ஒரு பேனா கோடு போட்டுக்கொண்டே போகும். எந்த டிகிரியில் பேனா எகிறுகிறதோ அந்த டிகிரிக்கு உரிய தனிமம் உள்ளே இருக்கிறது. முடியில் பாஷாணம், அதுதான் ஆர்சனிக், தங்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே கருவியை ஓட்டுவதற்கு முன்பே என் மனதுக்குள் பாஷாணம் உட்கார்ந்திருந்தது.

நீ என் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய். இரும்பு வந்தது, செம்பு வந்தது, துத்தநாகம் வந்தது. எல்லார் முடியிலும் இருப்பவை. முப்பத்துநான்கு டிகிரியில் பேனா தாளின் உச்சிக்குப் போய் முட்டியது. பாஷாணத்தின் இடம். நான் "ஆகா" என்றேன். அந்த 'ஆகா'வில் இருந்தது துக்கம் இல்லை. மூன்று டாக்டர்கள் கண்டுபிடிக்காததை என் பேனா கண்டுபிடித்துவிட்ட குஷி. இதை எழுதத்தான் கூசுகிறது, ஆனால் உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அடுத்த நிமிடம் மின்சாரம் போய்விட்டது. மின்வெட்டு வருஷம் அது. பேனா அப்படியே விழுந்தது.

முப்பத்துநான்கு டிகிரியில் எகிறுவது பாஷாணம் மட்டும் இல்லை. ஈயமும் அதே இடத்தில்தான் எகிறும். இரண்டின் முதல் கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழும். பிரித்தறிய, பேனாவை இன்னும் கொஞ்ச தூரம் ஓடவிட வேண்டும். பாஷாணம் என்றால் முப்பதரையில் சின்னதாக ஒன்று வரும். ஈயம் என்றால் அங்கே ஒன்றும் வராது, இருபத்தெட்டில் உயரமாக ஒன்று வரும். எங்கள் கருவி நிமிடத்துக்கு இரண்டு டிகிரி ஓடும். கணக்கு நீயே போட்டுக்கொள். மூன்று நிமிடம். இதைப் புதிதாகச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லுகிறவன் நான். மின்சாரம் வந்து, கருவி நிலைக்கு வர ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும். உனக்குப் பஸ் போய்விடும் என்றாய். எனக்கும் காத்திருக்கத் தோன்றவில்லை. விடைதான் தெரிந்துவிட்டதே.

"பாஷாணம்டா" என்றேன்.

நீ தாளில் பேனா எகிறிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தாய். பிறகு, "நல்லாப் பாத்தயா?" என்று கேட்டாய். பார்த்தேன் என்றேன். "அப்ப நீயே வந்து சொல்லு. நாஞ் சொன்னா அழுகை வந்துரும்" என்றாய்.

வந்தேன். உன் வீட்டு நடுவில் நாற்காலி போட்டு என்னை உட்காரவைத்தார்கள். உன் அண்ணனும் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். வரைதாளை விரித்து அந்தச் சிகரத்தைக் காட்டினேன். யாருக்கும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் தலையாட்டினார்கள். உன் அண்ணன், "மெஷினு தப்பா சொல்லுமுங்களா தம்பி?" என்று கேட்டார். "மெஷின் பொய் சொல்லாதுங்க" என்றேன். மயிலாத்தாள் சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. என்னிடம் வந்து அந்தத் தாளை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க மெஷினு என்ற பேரை எழுதுச்சுங்களா?"

 அது யார் வைத்தார்கள் என்று சொல்லாது, என்ன இருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும் என்றாவது சொல்லியிருக்கலாம். தாளைச் சுருட்டினேன். அன்றைக்கே அவளை அவிநாசிபாளையத்தில் அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ தடுக்கவில்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

அதற்குப் பிறகு நீ செய்தது எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. வீட்டுச் சோற்றின்மேல் பயம் வந்து, ஜாகையைப் பட்டறைக்கே மாற்றிக்கொண்டாய். தொட்டிக்குப் பக்கத்திலேயே கல்லைக் கூட்டி அடுப்பு வைத்தாய். உப்பு கரைக்கிற போசியைக் கழுவி அதிலேயே கஞ்சி காய்ச்சினாய். தைப்பூச வேலை நெருக்கியது. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நூலும் நாக்குமாக இருந்தாய். யார் கையிலும் வாங்கித் தின்னாமல், உன் கையாலேயே விஷத்தைத் தின்றாய். உன்னை அங்கே அனுப்பியது நான்.

எனக்கு உண்மை தெரிந்த விதத்தைக் கேள். நீ முன்பு கொடுத்த மஞ்சள் துண்டு பழசாகிக் கிழிந்துபோனது. அதில் ஒரு துண்டைக் கத்தரித்து, கருவியின் மாதிரித் தட்டைத் துடைக்க வைத்துக்கொண்டேன். தைப்பூசம் முடிந்த வாரம், வெறும் தட்டை வைத்துச் சும்மா ஓட்டிப் பார்த்தேன். வெறும் தட்டில் ஒன்றும் வரக்கூடாது. முப்பத்துநான்கில் பேனா எகிறியது. பாஷாணம் எங்கிருந்து வந்தது என்று திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன், நிறுத்த மறந்துவிட்டேன். பேனா தன்பாட்டுக்கு ஓடியது. முப்பதரையில் ஒன்றுமில்லை. இருபத்தெட்டில் எழுந்தது, உயரமாக. தட்டில் ஒட்டியிருந்தது ஒரு மஞ்சள் நூலிழை. உன் முடியில் மீதி இருந்ததை எடுத்து மறுபடி ஓட்டினேன். அதே இருபத்தெட்டு. ஈயம். உன் முடியில், உன் மஞ்சளில், உன் இனிப்பு உப்பில். கதவைப் பூட்டக்கூட மறந்து பஸ்ஸுக்கு ஓடினேன்.

பட்டறையில் நீ இல்லை. முந்தின நாள் வலிப்பு வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அங்கே போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் உன் உதட்டை விலக்கி, ஈறில் இருந்த நீலக் கோட்டை ஈயத்தின் அடையாளம் என்று காட்டினார். "இதுக்கு மருந்து இருக்குங்க. தை மாசத்துக்கு முந்தியே தெரிஞ்சிருந்தா..." என்று நிறுத்தினார். 

உன் காதில் குனிந்து சொன்னேன். பாஷாணம் இல்லைடா, ஈயம், உன் தொட்டியில் இருந்த ஈயம், மயிலாத்தாள் ஒன்றும் வைக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். உன் நாக்கு வெளியே வந்து உதட்டைத் தடவியது. "நிக்கலடா. இன்னொரு பிடி போடு" என்றாய். நான்கு தரம் சொன்னேன். நான்கு தரமும் நீ எனக்குத் தொட்டியைப் பற்றித்தான் பதில் சொன்னாய்.

அவிநாசிபாளையத்துக்குப் போய் மயிலாத்தாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டு முடித்து, "நானு வர்றேனுங்க. ஆனா உங்ககூட வரலீங்க" என்றாள். தனியாக அடுத்த பஸ் ஏறி வந்தாள். உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, தம்ளரில் இருந்த தண்ணீரை ஸ்பூனில் எடுத்து உன் வாயருகே கொண்டுபோனாள். அண்ணனைத் தெரியவில்லை உனக்கு, என்னைத் தெரியவில்லை. அவள் கையை மட்டும் தெரிந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டாய். பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாய். "தண்ணி தானுங்க சாமி, வெறுந் தண்ணி தானுங்க" என்றாள். நீ திறக்கவில்லை. மறுநாள் மத்தியானம் வரைக்கும் அவள் கையில் அந்த ஸ்பூன் இருந்தது. அதற்குமேல் வேண்டியிருக்கவில்லை.

உன் கருமாதியன்று இரண்டு வரைதாளையும் எடுத்துப் போய், கூடியிருந்த எல்லாருக்கும் முன்னால் என் தப்பைச் சொன்னேன். எங்கே நிறுத்தினேன், எங்கே போயிருக்க வேண்டும் என்று விரலால் காட்டினேன். பெரியவர் ஒருவர், "பித்தளைக்கெல்லாம் ஈயம் பூசித்தானுங்க ஆக்கித் திங்கறோம். ஈயம் ஆரைக் கொன்னுச்சு?" என்றார். பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம், இது காரீயம், வேறு என்றேன். உன் அண்ணன் மரியாதையாகத்தான் பேசினார். "தம்பி, அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க. இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. அந்தப் புள்ளைக்காகப் பரிதாபப்பட்டுச் சொல்றீங்க, எங்களுக்குப் புரியுதுங்க." அவ்வளவுதான். அவர்களுக்கு முதல் தாள் போதுமானதாக இருந்தது. ஒருநாள் எனக்கும் அது போதுமானதாக இருந்ததே, அவர்களை என்ன சொல்ல?

அதாகி ஆறு வருஷம். உன் பட்டறை இருந்த இடத்தில் இப்போது பனியன் கம்பெனி. மயிலாத்தாள் திருப்பூரில் வேறொரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் நீட்டிக்கொண்டிருக்கிற நூல் பிசிறு வெட்டுகிறாள். வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். வாங்கண்ணா என்பாள், உட்காரச் சொல்வாள், குடிக்க ஒன்றும் தரமாட்டாள். போன வருஷம் அதற்குக் காரணம் சொன்னாள். "கம்பெனியில என்ற தூக்குப்போசியில இருந்து ஒருத்தரும் ஒரு துளி கொழம்பு வாங்க மாட்டாங்கண்ணா. நானும் இப்ப ஆருக்கும் நீட்டறதில்லீங்க. பழகிப்போச்சு." ஒரு தம்ளர் தண்ணீர் கொடு தாயி என்று கேட்டு வாங்கிக் குடித்தேன். அவள் நான் குடித்து முடிக்கிற வரைக்கும் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சலூன்காரர் சொன்னதை இப்போது சொல்லிவிடுகிறேன். முடியை மடித்துக்கொண்டே கதை பேசினார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. "இந்த முடியிலகூட எல்லாம் தெரிஞ்சுருமாமுங்க. பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறைக்காரருங்க. ஊட்டுக்காரியே சோத்துல மருந்து வெச்சுக் கொன்னுபோட்டாளாமுங்க. முடியக் கொண்டுபோயி கோயமுத்தூருல ஒரு பெரிய மெஷினுல வெச்சுப் பாத்தாங்களாம். அப்படியே வந்துருச்சாமுங்க. அவ இங்கதான் கம்பெனிக்குப் போயிட்டு வந்துட்டு இருக்கறா. மெஷினு பொய் சொல்லாதாமுங்க."

என் சொல். ஆறு வருஷம் ஊரைச் சுற்றிவிட்டு என் காதுக்கே வந்து சேர்ந்தது.

உனக்கு ஐந்தாம் தரமாகச் சொல்கிறேன். மயிலாத்தாள் உனக்கு எதுவும் வைக்கவில்லை. அவள் கொண்டுவந்தது வெறும் தண்ணீர். நீ கேட்கமாட்டாய் என்று தெரியும், அதனால்தான் உன்னிடம் இவ்வளவு தைரியமாகச் சொல்ல வருகிறது. கேட்கிற காது உள்ளவர் இன்று காலை என் தலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நாள் முழுக்க அந்த நாற்காலியில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் கதை பேசுகிற ஆள். கத்தரியை எடுத்து, "கொஞ்சம் தலைய சாய்ச்சுக்கங்க சார், மூணு நிமிசத்துல முடிஞ்சுரும்" என்றார். அந்த மெஷின்காரன் நான்தான், தப்பு என்னுடையது, அவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல அந்த மூன்று நிமிடம் தாராளமாகப் போதும்.

நான் கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.